காவேரிப்பட்டணத்தில் காவேரி எங்கே?

காவேரிப்பட்டணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, பூம்புகாரை நினைத்துக்கொள்வார்கள். அல்லது ஊர் காவேரிக் கரையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பூம்புகார் என்கிற காவிரிப்பூம்பட்டினம் காவிரி கடலில் கலக்கும் இடத்தில், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. நான் சொல்லும் காவேரிப்பட்டணம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். கிருஷ்ணகிரியில் தருமபுரி பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். ஊரைத் தொட்டு ஓடுவது தென்பெண்ணை. காவேரியைப் பார்க்க வேண்டுமென்றால் தருமபுரி, பென்னாகரம் எல்லாம் தாண்டி ஒகேனக்கல் போக வேண்டும்.

"பேர்லதான் காவேரி" என்று நானும் பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இன்றைக்கு இந்த ஊருக்குக் காவேரி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று குடிக்கிற தண்ணீராக. இன்னொன்று யாரும் தொட விரும்பாத தண்ணீராக. எப்படி என்று சொல்வதற்கு ஆற்றின் தலைப்பில் இருந்தே தொடங்க வேண்டும்.

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தில், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து நந்தி மலைப் பகுதியில். அந்த மலைக்கூட்டத்தைச் சுற்றி விழும் மழை நாலா பக்கமும் பிரிகிறது. வடபெண்ணை வடக்கே ஆந்திரத்துக்குள் போகிறது. பாலாறு கிழக்கே இறங்கி வேலூர்ப் பக்கம் வருகிறது. அர்க்காவதி தெற்கே போய்க் காவேரியில் சேர்கிறது. தென்பெண்ணை தென்கிழக்காக நம்மிடம் வருகிறது. ஒரே மேகத்தின் மழைதான். எந்தச் சரிவில் விழுகிறதோ அதைப் பொறுத்து அது காவேரியாகவும் ஆகலாம், பெண்ணையாகவும் ஆகலாம். இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதியில் மனிதர்கள் இதைக் கலைத்துப் போடப் போகிறார்கள்.

கன்னடத்தில் இந்த ஆற்றுக்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பினாகம் சிவன் கை வில். தமிழில் பெண்ணை என்றால் பனை. வில்லா, பனையா என்று கேட்டால் எனக்குப் பனைதான் பிடிக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் கரையில் நிற்கக்கூடியது அதுதானே.

நந்தி மலையில் இருந்து ஒசகோட்டை வழியாக, பெங்களூரின் கிழக்கு ஓரத்தைத் தழுவிக்கொண்டு வரும் ஆறு, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே கெலவரப்பள்ளி அணை. அப்புறம் மலை இடுக்குகளில் இறங்கிக் கிருஷ்ணகிரி அணை. அதற்கடுத்து காவேரிப்பட்டணம், நெடுங்கல், இருமத்தூர், அனுமந்தீர்த்தம், சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று போய்க் கடலூர் பக்கம் கடலில் விழுகிறது. மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தப் பயணத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காவேரிப்பட்டணம் அதில் பாதி அளவுதான். ஓசூரில் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினவர் கிருஷ்ணகிரியில் இறங்கும்போது அதைக் கையில் வைத்திருப்பார். மைசூர்ப் பீடபூமி முடிந்து கீழ்நாடு தொடங்குகிற விளிம்பு இது. பழைய வருவாய்க் கணக்குகளில் ஓசூர்ப் பக்கத்தைப் பாலாகாட் என்பார்கள், அதாவது கணவாய்க்கு மேலே உள்ள நாடு. சேலம் பக்கம் தலகாட். நடுவில், மலைகளால் சூழப்பட்ட கிண்ணம் மாதிரி இருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி பாராமகால். பீடபூமியில் இருந்து இறங்கின ஆறு மூச்சு வாங்கி, அகலமாகி, மணலை விரித்துப் போடுகிற இடம் இந்தக் கிண்ணம். அப்படி விரிகிற இடத்தில்தான் காவேரிப்பட்டணம் உட்கார்ந்திருக்கிறது.

அகலமாக, ஆழம் குறைவாக, மணலாக இருக்கும் ஆறு எதற்கு வசதி? கடப்பதற்கு. இந்த ஊரின் பழைய கதையைப் புரிந்துகொள்ள, ஆற்றின் தண்ணீரைவிட ஆற்றைத் தாண்டுகிற வழியைக் கவனிப்பது நல்லது என்பது என் எண்ணம். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆறு, ஒரு பெரிய ஊரைப் பாசனத்தால் மட்டும் வளர்த்திருக்க முடியாது. பாதை வளர்த்திருக்கிறது.

பாராமகால் கிண்ணத்துக்கு வாசல்கள் உண்டு. மேற்கே இராயக்கோட்டை வழியாக ஏறினால் மைசூர் நாடு. தெற்கே தொப்பூர்க் கணவாய் தாண்டினால் சேலம். கிழக்கே சிங்காரப்பேட்டை, செங்கம் கணவாய் வழியாகத் திருவண்ணாமலை, அதற்கப்பால் ஆற்காட்டு நாடு. வடகிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. இந்த நாலு வாசலுக்கும் நடுக்கூடம் போல இருப்பது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம். வடக்கில் இருந்து தெற்கே போகிறவர் பெண்ணையைத் தாண்டியே ஆக வேண்டும். இன்றைய 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இதற்கு விலக்கு இல்லை. ஸ்ரீநகரில் புறப்பட்டு கன்னியாகுமரி போகிற லாரியும் இந்தப் பக்கம்தான் பெண்ணையைக் கடக்கிறது. ஊரில் இருந்து பாலக்கோட்டுக்கு ஒரு சாலை, போச்சம்பள்ளிக்கு ஒரு சாலை பிரிகிறது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. 1905-ல் திருப்பத்தூரில் இருந்து ஒரு குறும்பாதை ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். ஆக இந்தப் பக்கம் எல்லாமே சாலைதான்.

பெயரிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. காவேரியை விடுங்கள், 'பட்டணம்' என்ற பின்பாதியைப் பாருங்கள். பழந்தமிழில் பட்டினம் என்றால் கடற்கரை ஊர், துறைமுகம். பட்டணம் என்றால் வணிகம் நடக்கிற நகரம். கடல் இல்லாத இடத்தில் பட்டினம் வைக்க முடியாது, ஆனால் பட்டணம் வைக்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணம், சென்னபட்டணம் என்று மைசூர்ப் பக்கத்தில் இருப்பதும் இதே பட்டணம்தான். பாராமகாலை 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகர அரசரிடம் இருந்து பெற்று ஆண்ட ஜகதேவராயர் அந்தச் சென்னபட்டணத்தையும் கையில் வைத்திருந்தவர். ஆக, காவேரிப்பட்டணத்தின் சொந்தக்காரர்கள் பூம்புகார்ப் பக்கம் இல்லை, மேற்கே மலைமேல் இருக்கிறார்கள். ஆனாலும் நம் ஊரில் ஒரு பலகையில் பட்டினம் என்றும் அடுத்த கடைப் பலகையில் பட்டணம் என்றும்தான் எழுதியிருக்கும். யாரும் இதற்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பட்டணம் ஆவதற்கு முன்பே இந்தக் கரையில் ஆட்கள் பலமாக இருந்தார்கள். ஊருக்கு அருகே பெண்ணேஸ்வரமடம் என்று ஒரு கிராமம். ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்ட பெண்ணேஸ்வரர் அங்கே கோயில் கொண்டிருக்கிறார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளும், அவர்களுக்குப் பின் வந்த போசளர் (ஹொய்சளர்) காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள வீர ராமநாதன் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியில் இருந்து ஆண்டான். மேலே மலையில் தலைநகர், கீழே ஆற்றங்கரையில் கோயில் என்று அப்போதே இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர் போனவை. அவற்றில் பெரும்பங்கு மாடு பிடிச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. ஆநிரை கவர வந்தவனோடோ, மீட்க வந்தவனோடோ மோதிச் செத்த வீரனின் கையில் வில்லும் வாளும் செதுக்கியிருப்பார்கள். மேய்ச்சல் நாட்டில் மாடுதான் சொத்து, மாடு பிடிப்பதுதான் போர்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1767 ஆகஸ்டில் இதே கரையில் மறுபடியும் மாடு பிடித்தார்கள். பிடித்தவர் ஐதர் அலி.

முதல் மைசூர்ப் போர் அது. அந்த வருஷக் கோடையில் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாராமகாலுக்குள் வந்தது. வாணியம்பாடி, காவேரிப்பட்டணம் மாதிரியான சமவெளிக் கோட்டைகள் சுலபமாக விழுந்தன. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் மசியவில்லை. பாறையைச் சுற்றிப் படை உட்கார்ந்திருக்க, ஆகஸ்ட் கடைசியில் ஐதர் மேலே இருந்து கணவாய் வழியாக இறங்கினார். முதல் வேலையாக அவருடைய குதிரைப்படை, முகாமுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த கம்பெனி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. பீரங்கி இழுக்கவும் அரிசி சுமக்கவும் மாடு இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் படை ஓர் அடி நகராது. நடுகல் காலத்துத் தந்திரம்தான். ஆனால் கச்சிதமாக வேலை செய்தது.

அடுத்து ஐதர் காவேரிப்பட்டணத்தைச் சூழ்ந்தார். இரண்டே நாளில் கோட்டை பணிந்தது. ஸ்மித் கிழக்கு வாசல் வழியாக, சிங்காரப்பேட்டைக் கணவாயில் புகுந்து பின்வாங்கினார். ஐதர் துரத்தினார். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தில் பெரிய சண்டை நடந்தது, அதில் ஸ்மித் வென்றார். செங்கம் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் காவேரிப்பட்டணத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரியில் இந்த ஊரின் குணம் முழுக்க இருக்கிறது. மலைக்கோட்டையைப் போல மாதக்கணக்கில் தாங்கி நிற்க முடியாது. ஆனால் இதைப் பிடிக்காமல் எந்தப் பக்கமும் நகரவும் முடியாது. வழியில் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு இதுதான் தலையெழுத்து. வருகிறவன் எல்லாம் பிடிப்பான், யாரும் தங்க மாட்டான்.

1790 நவம்பரில் மூன்றாம் மைசூர்ப் போரிலும் அப்படியே. கம்பெனிப் படையின் கர்னல் மேக்ஸ்வெல் காவேரிப்பட்டணத்துக்கு அருகே நல்ல இடம் பார்த்து முகாம் போட்டிருந்தார். திப்பு சுல்தான் வந்து பார்த்தார், சில நாள் சுற்றினார், மோதாமல் விலகிப் போனார். தெற்கே இருந்து ஜெனரல் மெடோஸின் படை வந்து மேக்ஸ்வெல்லோடு சேர்ந்தது. இரண்டு பெரிய படைகள் சந்திக்க வேண்டிய இடம் என்று வரைபடத்தில் விரல் வைத்தால், விரல் இந்த ஊரின் மேலேயே விழுகிறது.

இதில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆங்கிலேயர் எழுத்தில் இந்த ஊர் 'காவேரிபட்டம்' மாதிரி ஒலிக்கும். 1752-ல் ராபர்ட் கிளைவ் சண்டை போட்ட இடமாகச் சொல்லப்படுவது காவேரிப்பாக்கம். அது ராணிப்பேட்டை மாவட்டத்துப் பெரிய ஏரி ஊர். பெயர் ஒத்துப்போவதால் அந்தச் சண்டையைத் தூக்கி இங்கே வைப்பவர்கள் உண்டு. நம் ஊருக்குச் சொந்தமாகவே போதுமான சண்டை இருக்கிறது, கடன் வாங்க வேண்டியதில்லை.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் இங்கேதான் செய்து பார்த்தார்கள். இன்றைக்கும் நாம் பட்டா, சர்வே எண் என்று அலைகிற அலைச்சலுக்கு ஒரு வேர் இந்த மண்ணில் இருக்கிறது. அப்புறம் நீண்ட காலம் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-ல் அதில் இருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இன்று காவேரிப்பட்டணம் ஒரு பேரூராட்சி.

படைகள் போனபின் ஊரை மாற்றியது ஓர் அணை.

ஊருக்குச் சற்று மேலே, பெரியமுத்தூரில் ஆற்றின் குறுக்கே கட்டிய கிருஷ்ணகிரி அணை 1957-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. எல்லோரும் கே.ஆர்.பி. அணை என்பார்கள். முழு நீர்மட்டம் 52 அடி. மேட்டூரையோ சாத்தனூரையோ பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் இதன் வேலை நீரைச் சேர்த்து வைப்பதைவிட, ஆற்றுக்குள் ஓடும் நீரை ஆற்றுக்கு வெளியே திருப்பிவிடுவது. இடதுபுறக் கால்வாய், வலதுபுறக் கால்வாய் என்று இரண்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 9,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கின்றன. திம்மாபுரம், காவேரிப்பட்டணம் பக்கம் நெல்லும் தென்னையும் பச்சையாக நிற்பதற்கு இந்தக் கால்வாய்கள் காரணம். இடதுபுறக் கால்வாயின் கடைசியில் பாளேகுளி ஏரி. அங்கிருந்து சந்தூர் வரை வரிசையாக இருக்கும் 28 ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக நீட்டிப்புக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். சந்தூர் என்றால் மாங்கன்று. ஒட்டுக்கட்டிய மாஞ்செடிகளை லாரி லாரியாக வெளி மாநிலம் அனுப்புகிற ஊர் அது. தண்ணீர் அங்கே போய்ச் சேருகிறதா, எந்த வருஷம் சேருகிறது என்பது வேறு பேச்சு; டீக்கடையில் அரை நாள் ஓடும்.

காவேரிப்பட்டணத்துக்குக் கீழே நெடுங்கல்லில் ஒரு தடுப்பணை. அதில் இருந்து பாரூர் பெரிய ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அந்த ஏரியை நம்பிச் சுமார் 2,400 ஏக்கர். இப்படிப் பார்த்தால் காவேரிப்பட்டணத்தின் ஆறு இப்போது ஆற்றில் இல்லை. மேலே கால்வாயில் ஒரு பங்கு, கீழே ஏரியில் ஒரு பங்கு. பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் படுவது மணல், சீமைக்கருவேலம், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு நெளியும் தண்ணீர். "ஆறு செத்துப்போச்சு" என்பார்கள். நான் அவர்களைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போக ஆசைப்படுவேன்.

ஆனால் அணை உள்ள ஆறு செத்த மாதிரி படுத்திருந்தாலும் திடீரென்று எழுந்து உட்காரும். தென்பெண்ணைக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் கர்நாடகப் பக்கம் பெய்தால் மேலிருந்து வரும்; அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் பெய்தால் ஓடைகள் வழியாக வரும். இரண்டும் ஒன்றாகச் சேர்கிற வருஷத்தில் அணை நிரம்பி மதகுகள் திறப்பார்கள், கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை வரும். 2017 நவம்பர் கடைசியில் அணை முழுக்க நிரம்பி நின்றபோது, முதல் மதகின் ஷட்டரே உடைந்துவிட்டது. ஐம்பதுகளில் போட்ட இரும்பு, அறுபது வருஷம் தண்ணீரில் நின்றது. பிடித்து வைத்த நீர் எல்லாம் ஊரைத் தாண்டி ஓடியது. பிறகு பழைய மதகுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் பெண்ணைக்குள் இறங்கி, சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட வேண்டி வந்து, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின. காவேரிப்பட்டணம் அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. இந்த ஆற்றில் சில கிலோமீட்டர் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் அவ்வளவு வித்தியாசம்.

சரி, காவேரிக்கு வருவோம்.

பெங்களூரு ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேற்குப் பாதியின் கழிவும் மழைநீரும் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவேரிக்கு இறங்கும். கிழக்குப் பாதியில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினிக்கு, அதாவது நம் தென்பெண்ணைக்கு வரும். அந்த மாநகரம் குடிப்பது எந்தத் தண்ணீர்? காவேரி. 1974 முதல், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்தபின் இன்னும் 77.5 கோடி லிட்டருக்கு வழி ஏற்பட்டிருக்கிறது.

மேலே ஏற்றிய காவேரி, கிழக்குப் பெங்களூரின் சமையலறையிலும் குளியலறையிலும் புகுந்து வெளியே வரும்போது காவேரிப் பக்கம் திரும்பிப் போவதில்லை. சாக்கடையில் இறங்கி, பெல்லந்தூரில் நுரைத்து, வர்த்தூர் தாண்டி, பெண்ணையாற்றில் விழுகிறது. நந்தி மலை இயற்கையாகப் பிரித்து விட்ட இரண்டு ஆறுகளையும் பெங்களூரு மோட்டார் வைத்து இணைத்திருக்கிறது. நதிநீர் இணைப்பு என்று மேடைகளில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; இங்கே அது அறிவிப்பில்லாமல், அடிக்கல் இல்லாமல், சாக்கடை வழியாக நடந்து முடிந்துவிட்டது.

அதன் அடையாளம் கெலவரப்பள்ளி அணையில் தெரியும். மதகு திறக்கும்போது கீழே மேகம் இறங்கிய மாதிரி வெள்ளை நுரை எழும். சோப்பு, சலவைத் தூளில் உள்ள ரசாயனங்கள் தண்ணீரில் கரைந்து வருகின்றன. உயரத்தில் இருந்து விழுந்து அடிபடும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு நுரைக்கின்றன. வாஷிங் மெஷினுக்குள் நடப்பதே அங்கே பெரிய அளவில் நடக்கிறது. தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்துகொள்கிறது. கெலவரப்பள்ளியில் இருந்து கே.ஆர்.பி. அணை வரை மலை இடுக்குகளில் பாறைகள் மேல் ஓடி வரும்போது நுரை அடங்கிவிடுகிறது. ஆனால் நுரை அடங்குவதும் தண்ணீர் சுத்தமாவதும் ஒன்றல்ல. அணையில் தண்ணீர் குறைந்த சில மாதங்களில் பாசி கட்டிப் பச்சையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கழிவில் உள்ள உரச்சத்து பாசிக்குச் சாப்பாடு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெங்களூருக் கழிவைச் சுத்திகரித்து 2018-ல் இருந்து கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குத் திருப்புகிறார்கள். கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று பெயர். கோலார் விவசாயிக்குத் தண்ணீர் வந்தது நல்லதே. ஆனால் நம் பக்கத்தில், "அழுக்குத் தண்ணியாவது வந்துக்கிட்டிருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க" என்று ஒரு குரல் உண்டு. கோடையில் ஆற்றில் ஓடியதில் ஒரு பகுதி அந்தக் கழிவுநீர்தான் என்பதை அந்தக் குரல் ஒத்துக்கொள்கிறது. வெட்கப்பட வேண்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பேச்சில் பொய் இல்லை. பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோள் என்ற இடத்தில் கர்நாடகம் கட்டிய அணை தனி வழக்கு. 1892-ஆம் ஆண்டு சென்னை, மைசூர் ஆற்றுநீர் ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019-ல் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்து, நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசிடம் கேட்கச் சொன்னது. அந்த அணை இன்று நிற்கிறது.

இது அழுக்காக வந்த காவேரி. குடிக்கிற காவேரி வேறு வழியில் வந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இங்கே கீழே இருப்பது பழைய கருங்கல் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. மழை குறைந்து, தண்ணீர் பாறை இடுக்கில் வெகுநாள் தங்கும்போது அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறி முதுகும் முட்டியும் விறைக்கும். தருமபுரிப் பக்கத்து ஆட்களைப் பல்லைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று வெளியூரில் கேலி செய்த காலம் உண்டு. கேலி செய்தவர்களுக்கு அது தண்ணீர் போட்ட கறை என்று தெரியாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காக வந்தது. ஜப்பான் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தார்கள். ஒகேனக்கல்லில் காவேரியில் இருந்து எடுத்து, சுத்திகரித்து, மேடு பள்ளமெல்லாம் ஏற்றி இறக்கி, இரண்டு மாவட்டங்களின் நகராட்சி, பேரூராட்சி, ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகளுக்குக் குழாய் போட்டார்கள். காவேரிப்பட்டணத்துக்கும் அந்தக் குழாய் வந்தது. "ஒகேனக்கல் தண்ணி வந்துச்சா?" என்று தெருவில் கேட்பார்கள், "காவேரி வந்துச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பெயரிலேயே காவேரி இருப்பதால் அது தனியாகத் தெரியவில்லையோ என்னவோ.

இதெல்லாம் பெரிய விஷயம். ஊர் அன்றாடம் இயங்குவது சின்ன விஷயங்களில். வெளியூர்க்காரர்கள் இங்கே பஸ்ஸை நிறுத்தி வாங்குவது நிப்பட்டு. சேலம் பக்கம் தட்டுவடை, மற்ற இடங்களில் தட்டை. இங்கே கன்னடப் பெயரோடு நிப்பட்டு. அரிசி மாவில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மிளகாய் சேர்த்துத் தட்டி எண்ணெயில் போடுகிறார்கள். வீடுகளில் குடிசைத் தொழிலாகவே நடக்கிறது. மேலே மலையில் இருந்து கீழே இறங்கி வந்த சமாச்சாரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் நாலும் ஒரே சந்தையில் கேட்கும். மே, ஜூனில் மாங்காய். கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த பெங்களூரா ரகம் டிராக்டர்களில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும். விலை ஏறின வருஷம் குறைவு, புலம்பின வருஷம் அதிகம்.

மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை. அங்காளம்மன் தேரில் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். காளி வேஷம் போட்டவர்கள் முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். நேர்த்திக்கடனுக்காகத் தானியம், காய்கறி, சில்லறைக் காசு என்று கூட்டத்தின் மேல் வாரி இறைப்பார்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு போய் வீட்டில் வைப்பார்கள். பங்குனி நெருங்கும் காலம், ஆற்றில் தண்ணீர் பெரும்பாலும் இருக்காது. அவ்வளவு கூட்டமும் நிற்பதற்கு அந்த மணல் வேண்டும். ஐதர் அலியின் குதிரைகளுக்கு உதவின அதே மணல்.

ஆடிப்பெருக்கு வந்தால் தருமபுரிக்காரர்கள் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவார்கள். அரூர்ப் பக்கத்தார் அனுமந்தீர்த்தத்தில் பெண்ணையில் முழுக்குப் போட்டுவிட்டுத் தீர்த்தமலை ஏறுவார்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் ஜனம் கே.ஆர்.பி. அணைக்குப் போகும். புளிச்சோறு கட்டிக்கொண்டு, அணையில் வறுத்த மீன் வாங்கிக்கொண்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து ஒரு கும்பிடு. அங்கே ஒரு பாட்டி பேத்தியிடம், "காவேரித் தாயிக்கு ஒரு கும்பிடு போடு சாமி" என்று சொன்னதைக் கேட்டேன். இது பெண்ணையாச்சே பாட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பெங்களூரில் இருந்து என்னென்ன கலந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.